எகிப்து சிலைகளுக்கு மூக்கு மட்டும் ஏன் இல்லை? மரணத்துக்குப் பிறகும் 'வேலை பார்த்த' ஓவியங்களின் கதை

எகிப்து ட்ரிப் போன யாராவது போட்ட ரீல்ஸை ஒரு நிமிஷம் நிறுத்தி, சிலைகளின் முகத்தை மட்டும் பாருங்கள். கண் இருக்கும், உதடு இருக்கும், தலைத்துணியின் மடிப்புகூட அப்படியே இருக்கும். மூக்கு மட்டும் இருக்காது. லண்டன், நியூயார்க், கெய்ரோ என எந்த மியூசியத்துக்குப் போனாலும் இப்படி மூக்கில்லாத முகங்கள் ஏராளம்.

"பழசு, அதான் உடைஞ்சிருக்கு" என்று சொல்லிவிடலாம். அது பாதி சரி. சிலை கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது மூக்குதான். ஆனால், சுவரில் தட்டையாகச் செதுக்கிய உருவங்களிலும் மூக்கை மட்டும் யாரோ கொத்தி எடுத்திருக்கிறார்களே, அது எப்படித் தானாக உடையும்?

நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்தில் எகிப்தியக் கலைப் பிரிவைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைபெர்க்கிடம் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்ட கேள்வி இது. அதையே மையமாக வைத்து 2019-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கண்காட்சியும் நடந்தது. பதில் கேட்க எளிமையானது: மூக்கை உடைத்துவிட்டால் சிலையால் மூச்சுவிட முடியாது.

(ஸ்ஃபிங்ஸின் மூக்கை நெப்போலியன் படை பீரங்கியால் சுட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம். அவர் எகிப்துக்கு வந்தது 1798-ல். டென்மார்க்கைச் சேர்ந்த நோர்டன் என்ற பயணி 1737-லேயே மூக்கில்லாத ஸ்ஃபிங்ஸை வரைந்துவைத்திருக்கிறார்.)

சிலை மூச்சுவிடுமா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எகிப்தியக் கலையைப் புரிந்துகொள்ள சாவி இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு ஓவியமும் சிலையும் பார்த்து ரசிப்பதற்கான பொருள்கள் அல்ல. கல்லறைக்குள் வரைந்த பல ஓவியங்களை, கதவை மூடிய பிறகு யாரும் பார்க்கப்போவதே இல்லை. இருட்டில் கிடந்து அவை ஒரு வேலையைச் செய்ய வேண்டும். செத்துப்போனவரை வாழவைப்பதுதான் அந்த வேலை.

சிற்பிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்றின் அர்த்தமே 'உயிரோடு வைத்திருப்பவர்' என்பதுதான். சிலை செய்து முடித்ததும் 'வாய் திறக்கும் சடங்கு' ஒன்று நடக்கும். பூசாரி ஒரு கருவியால் சிலையின் வாயைத் தொடுவார். அதற்குப் பிறகு சிலையால் மூச்சுவிட, சாப்பிட, பேச முடியும் என்பது நம்பிக்கை. மம்மிக்கும் இதே சடங்கு உண்டு. நம்மூரில் சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொண்டால் பிடிபடும். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது, புரிந்துகொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

எழுத்தில் இருக்கும் பாம்பும் கடிக்கும்

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போனது தெரியுமா? எகிப்தியர்களின் எழுத்துகளே படங்கள்தான்: பறவை, பாம்பு, மனிதன், கண், கை. கல்லறைக்குள் எழுதும்போது பாம்பு வடிவ எழுத்து வந்தால் என்ன செய்வது? ராத்திரியில் அது உயிர்பெற்று மன்னரைக் கடித்துவிட்டால்? அதனால் சில கல்லறைகளில் பாம்பு எழுத்தை இரண்டாக வெட்டி எழுதினார்கள். சில இடங்களில் பறவை எழுத்துகளுக்குக் காலே வரையவில்லை, ஓடிப்போகாமல் இருப்பதற்காக. எழுத்துப் பிழையைப் பார்த்து நாம் பயப்படுவோம். அவர்கள் எழுத்தைப் பார்த்தே பயந்திருக்கிறார்கள்.

இப்போது, எல்லோரும் கிண்டல் செய்யும் அந்த போஸுக்கு வருவோம். தலை பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள் இரண்டும் நேராக, கால்கள் மறுபடி பக்கவாட்டில். யாராலும் அப்படி நிற்க முடியாது. 'வரையத் தெரியலை போல' என்று தோன்றும்.

நன்றாகவே தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் நெபாமுன் கல்லறை ஓவியங்களே சாட்சி. சுமார் கி.மு. 1350-ஐச் சேர்ந்தவை. நெபாமுன், அமுன் கோயிலின் தானியக் கிடங்கில் கணக்கு எழுதியவர். நம்ம பாஷையில் சொன்னால், அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட். அவருடைய விருந்துக் காட்சியில் பாட்டுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள், தலைமுடி கலைந்து, தாளத்துக்கு ஆடிக்கொண்டு. நேர்முகம் வரையத் தெரிந்த அதே கை, எஜமானரை மட்டும் பழைய விதிப்படி வரைந்தது. காரணம், பாட்டுக்காரிகள் துணைப் பாத்திரங்கள். நெபாமுன் அந்தப் படத்துக்குள் நிரந்தரமாக வாழப்போகிறவர்.

நிரந்தரமாக வாழப்போகிறவருக்கு உடம்பில் ஒவ்வொரு பாகமும் அதனதன் முழு வடிவில் வேண்டும். மூக்கின் வடிவம் பக்கவாட்டில்தான் தெளிவாகத் தெரியும், கண்ணின் வடிவம் நேரே பார்த்தால்தான் தெரியும். அந்தந்தப் பாகத்துக்கு எந்தக் கோணம் பெஸ்ட்டோ அதை எடுத்து ஒன்றாகக் கோத்துவிடுவார்கள். நெபாமுனின் தோட்டத்துக் குளமும் அப்படித்தான். குளம் மேலிருந்து பார்ப்பதுபோல், மரங்கள் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல், மீன்கள் தனியாக. நாம் போட்டோ எடுக்கும் மனநிலையில் பார்ப்பதால்தான் குழப்பம். அவர்கள் போட்டது ஒரு வரைபடம். அளவுக்கும் கணக்கு உண்டு. சுவரில் சிவப்புக் கோடுகளால் கட்டம் போட்டு, நிற்கும் ஆள் என்றால் பாதத்திலிருந்து நெற்றியின் முடிவிளிம்பு வரை 18 கட்டம் என்று வைத்து வரைந்தார்கள். மனைவி, குழந்தை, வேலைக்காரர்கள் அந்தஸ்துக்கு ஏற்பச் சின்னதாகிவிடுவதும் உண்டு. இது மட்டும் நமக்கு உறுத்தத்தான் செய்கிறது.

இறந்தவரில் என்னவெல்லாம் மிச்சம்?

உடம்பு, உயிர் என்று இரண்டாகப் பிரிப்பது நமக்குப் பழக்கம். எகிப்தியர்கள் ஒரு மனிதனைப் பல துண்டுகளாகப் பார்த்தார்கள். 'கா' என்பது உயிர்ச்சக்தி. அதற்குச் சாப்பாடு வேண்டும், அதனால்தான் கல்லறையில் ரொட்டியும் பீரும். 'பா' என்பது மனிதத் தலை கொண்ட பறவை. பகலில் வெளியே பறந்துவிட்டு ராத்திரி உடம்புக்குத் திரும்பும். இவை தவிர நிழல், இதயம், பெயர். பெயரும் ஒரு உறுப்புபோலத்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பறவை திரும்பிவர ஒரு கூடு வேண்டும். அதற்குத்தான் மம்மி. மொத்தம் 70 நாள் வேலை. நாட்ரான் என்ற இயற்கை உப்பில் உடம்பை உலரவைத்து, லினன் துணியால் சுற்றுவார்கள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். மூளையை மூக்கு வழியாக எடுத்துத் தூக்கிப்போடுவார்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம். யோசிப்பது, ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் இதயம் என்பதால், அதை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டார்கள்.

இந்த இடத்தில் நம்ம ஏரியாவிலிருந்து ஒரு சின்ன என்ட்ரி. கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மம்மியில், மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி. 3,200 வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்துச் சரக்கு ஒரு பாரோவின் மூக்கு வரை போயிருக்கிறது.

இதயத்துக்கு எடை போடும் ராத்திரி

அனி என்று ஒருவர். சுமார் கி.மு. 1250-ல் வாழ்ந்தவர். இவரும் எழுத்தர்தான், கோயில் காணிக்கைகளுக்குக் கணக்கு எழுதியவர். (எகிப்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியக் காரணம் அக்கவுன்டன்ட்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.) அவருக்காகத் தயாரித்த பாப்பிரஸ் சுருள் சுமார் 24 மீட்டர் நீளம். 'இறந்தவர்களின் புத்தகம்' என்று கூகுள் செய்தால் முதலில் வந்து நிற்கும் படம் பெரும்பாலும் இந்தச் சுருளில் உள்ளதுதான்.

அந்தப் பெயர் 1842-ல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் வைத்தது. எகிப்தியர்கள் சொன்னது 'பகலில் வெளியே வருதல்'. பயமுறுத்தும் சாபப் புத்தகம் எல்லாம் கிடையாது, மறுவுலகத்துக்கான ஒரு டிராவல் கைடு. எந்த வாசலில் எந்தக் காவலாளி, அவனிடம் என்ன பெயர் சொல்ல வேண்டும், முதலை வந்தால் என்ன மந்திரம் என்று எல்லாம் இருக்கும். ஆரம்பத்தில் இந்த மந்திரங்கள் மன்னருக்கு மட்டுமே சொந்தம். சுமார் கி.மு. 2350-ல் உனாஸ் மன்னரின் பிரமிடுக்குள் சுவரில் செதுக்கினார்கள். பிறகு அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கு வந்தது. அதற்கும் பிறகு, காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சுருளாக வாங்கிக்கொள்ளலாம் என்றானது. சில சுருள்களைப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு ரெடிமேடாகவே எழுதிவைத்திருந்தார்கள். அனியின் சுருளிலும் சில பகுதிகளில் அவர் பெயர் பின்னால் நிரப்பப்பட்டதுதான்.

அதில் வரும் தராசுக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் அனியின் இதயம், சின்ன ஜாடி வடிவத்தில். இன்னொரு தட்டில் ஒரே ஒரு இறகு. அது மாஅத்தின் இறகு. உண்மை, நியாயம், உலகத்தின் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் மாஅத். நரித் தலை கொண்ட அனுபிஸ் மண்டியிட்டு முள்ளைச் சரிபார்க்கிறார். நாரைபோன்ற ஐபிஸ் பறவைத் தலையுடன் தோத், கையில் எழுதுகோலோடு ரிசல்ட் குறிக்கத் தயார். அவருக்குப் பின்னால் அம்மிட். முதலைத் தலை, சிங்க உடம்பு, நீர்யானைப் பின்பக்கம். எடை சரியில்லை என்றால் இதயம் அதற்குச் சாப்பாடு. அதோடு கதை முடிந்தது. நரகத்தில் போட்டு வறுப்பதெல்லாம் இரண்டாம் பட்சம், பெரிய பயம் இல்லாமலே போய்விடுவதுதான்.

இடது ஓரத்தில் அனி குனிந்து நிற்கிறார், பக்கத்தில் மனைவி துத்து. அந்தக் குனிவில் ஒரு டென்ஷன் தெரியும், இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

விசாரணையில் 42 தெய்வங்கள் முன்னால் நின்று, 'நான் இதைச் செய்யவில்லை' என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். கொலை, திருட்டு மட்டுமல்ல. எடையில் ஏமாற்றியது, ஓடும் தண்ணீரை மறித்தது, ஒட்டுக்கேட்டது, இன்னொருவரை அழவைத்தது எல்லாம் பட்டியலில் உண்டு. நைல் நதியை நம்பி வாழ்ந்த ஊரில் தண்ணீரை மறிப்பது பெரும் பாவமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இதில் ஒரு குறுக்குவழியும் இருந்தது. வண்டு வடிவக் கல் ஒன்றை மம்மியின் மார்பில் வைப்பார்கள். அதில் இருக்கும் மந்திரத்தின் சாரம்: இதயமே, தராசு முன்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே. தவிர, ரிசல்ட் சாதகமாக வந்த மாதிரிதான் சுருளிலேயே வரைந்துவிடுகிறார்கள். படம் வேலை செய்யும் என்று நம்பும் ஊரில், பாஸ் ஆனதாக வரைந்தால் பாஸ்தான். இதை மோசடி என்று சொல்வதா? நேர்மையாக வாழ ஒரு பட்டியலும், அப்படி வாழ முடியாதவர்களுக்கு ஒரு மந்திரமும் சேர்த்தே வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சொர்க்கத்திலும் வேலையா?

தேர்வில் தேறினால் போகும் இடம் நாணல் வயல். தெய்ர் எல்-மெதினா என்ற கிராமத்தில், மன்னர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளிகள் வாழ்ந்தார்கள். அங்கே செனட்ஜெம் என்பவரின் கல்லறையில் இந்த நாணல் வயல் இருக்கிறது. அவரும் மனைவி ஐநெஃபெர்தியும் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். போட்டிருப்பது வெள்ளை வெளேர் என்ற லினன் உடை. உழவு வேலைக்கு யாராவது வெள்ளை உடுத்துவார்களா? அழுக்கே படாத வயல் என்பதுதான் சொர்க்கம்.

ஆனாலும் வேலை வேலைதானே. அதிலிருந்து தப்பிக்க ஷப்தி என்ற பொம்மைகளை உள்ளே வைத்தார்கள். மறுவுலகத்தில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு மண் சுமக்கச் சொன்னால், பொம்மை எழுந்து உங்களுக்குப் பதில் போகும். வருஷத்துக்கு 365 பொம்மை, அவற்றை மேய்க்க 36 மேற்பார்வையாளர் பொம்மை என ஒரு முழு செட் 401 வரை போனது. துட்டன்காமன் கல்லறையில் 413. சொர்க்கத்திலும் டீம் லீடர் வேண்டியிருக்கிறது!

டாட்டூக்களில் இன்று பார்க்கும் சின்னங்களும் இதே வேலைக்காக வந்தவைதான். மேலே வளையம் வைத்த சிலுவைபோல் இருக்கும் 'ஆங்க்', உயிர் என்று பொருள்படும் எழுத்து. ஹோரஸின் கண், காயப்பட்டு மறுபடி குணமான கண், அதனால் காவல். சாணி உருட்டும் வண்டு, தினமும் சூரியனை உருட்டி வரும் தெய்வம். ஒசிரிஸின் முகம் பச்சை, ஏனென்றால் பச்சை என்பது முளைவிடும் பயிர். கறுப்பும் அவர் நிறம்தான். நைல் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் மண் கறுப்பு, தங்கள் நாட்டையே அவர்கள் 'கறுப்பு நிலம்' என்றுதான் அழைத்தார்கள். துக்கத்தின் நிறம் என்று நாம் நினைத்துக்கொள்வது அவர்களுக்கு விளைச்சலின் நிறம்.

இரண்டாவது சாவு

படமும் பெயரும் ஒருவரை வாழவைக்கும் என்றால், அவற்றை அழித்தால்? மூக்கு உடைந்த கதை இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது.

பாரோவாக ஆண்ட பெண் ஹட்செப்சுட். அவர் இறந்து பல வருஷம் கழித்து, அடுத்து ஆண்ட மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அவர் பெயரும் உருவமும் சுவர்களிலிருந்து கொத்தி எடுக்கப்பட்டன, சிலைகள் உடைக்கப்பட்டன. பழிவாங்கல் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025-ல் 'ஆன்டிக்விட்டி' ஆய்விதழில் ஜுன் யி வாங் என்ற ஆய்வாளர் வேறொரு கோணத்தைச் சொன்னார். பல சிலைகளை கழுத்து, இடுப்பு, கால் என்று குறிப்பிட்ட இடங்களில்தான் உடைத்திருக்கிறார்கள், முகங்களைப் பெரிதாகச் சிதைக்கவில்லை. வேறு பாரோக்களின் சிலைகளுக்கும் இதேபோல் நடந்திருக்கிறது. அதாவது, வெறுப்பைவிட சிலையின் சக்தியை 'ஆஃப்' செய்யும் சடங்காக இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம். பெயரை அழித்தது வேறு விஷயம், அதில் அரசியல் இருந்தது.

அடுத்து அகெநாதன். சூரிய வட்டத்தை மட்டுமே கும்பிட வேண்டும் என்ற மன்னர். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் அமுன் என்ற சொல்லைக் கொத்தினார்கள். பாவம், நெபாமுன் பெயரிலேயே அமுன் இருக்கிறது. அவர் கல்லறைச் சுவரிலும் உளி பட்டது. பிறகு வந்தவர்கள் அகெநாதனையும் அவர் மகன் என்று கருதப்படும் துட்டன்காமனையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அபிடோஸ் கோயிலில் இருக்கும் மன்னர் வரிசையில் இவர்கள் இருவருமே கிடையாது, ஹட்செப்சுட்டும் கிடையாது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையைத் திறந்து, உள்ளே 5,000-க்கும் அதிகமான பொருள்கள் கிடைத்து, 2025 நவம்பரில் முறைப்படி திறந்த கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தில் மக்கள் க்யூவில் நிற்பதும் அழிக்கப்பட்ட அதே துட்டன்காமனுக்காகத்தான்.

எல்லோரும் பயபக்தியோடு இருந்தார்களா? இல்லை. சுமார் கி.மு. 1110-ல் அமென்பனுஃபர் என்ற கல்தச்சர் பிடிபட்டுக் கொடுத்த வாக்குமூலம் நம்மிடம் இருக்கிறது. சோபெக்கெம்சாஃப் மன்னரின் கல்லறைக்குள் கூட்டாளிகளோடு புகுந்து, மம்மிகளின் மேலிருந்த தங்கத்தைப் பிரித்துவிட்டு, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்களாம். முதல்முறை பிடிபட்டபோது தன் பங்குத் தங்கத்தை அதிகாரிக்குக் கொடுத்து வெளியே வந்துவிட்டார். தராசும் அம்மிட்டும் தெரிந்த ஊர்தான் இதுவும்.

வெளிநாட்டவர் செய்தது இன்னும் மோசம். ஐரோப்பாவில் மம்மியைப் பொடித்து மருந்தாக விழுங்கினார்கள். 'மம்மி பிரவுன்' என்று ஓவியர்களுக்கான பெயின்ட் விற்றார்கள், உண்மையான மம்மியை அரைத்து. லண்டன் கம்பெனி ஒன்று, அரைக்க மம்மி தீர்ந்துவிட்டது என்று சொன்னது 1964-ல். படமாக வாழ நினைத்தவர்களை அரைத்து வேறு யாருடைய படத்துக்கோ பூசியிருக்கிறார்கள்.

அனியின் சுருளுக்கும் சுகமான பயணம் வாய்க்கவில்லை. 1888-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாலிஸ் பட்ஜ் அதை லக்ஸரில் வாங்கினார். பழம்பொருள்கள் இருந்த கட்டடத்தை போலீஸ் சீல் வைக்க, பக்கத்து ஹோட்டல் தோட்டத்திலிருந்து சுவரைக் குடைந்து சரக்கை வெளியே எடுக்கவைத்ததை பட்ஜே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அப்புறம் அந்த 24 மீட்டர் சுருளை 37 துண்டாக வெட்டினார்.

இப்போது மியூசியங்களுக்குள் ஒரு விவாதம் ஓடுகிறது. உடம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா, பெயர் தெரிந்தவரையும் வெறுமனே 'மம்மி' என்று எழுதலாமா? பிரிட்டனில் சில மியூசியங்கள் 'மம்மியாக்கப்பட்ட நபர்' என்று எழுத ஆரம்பித்திருக்கின்றன. எகிப்து 2021 ஏப்ரல் 3-ல் 18 மன்னர்கள், 4 ராணிகளின் மம்மிகளைக் கெய்ரோ தெருக்களில் ராஜ மரியாதையோடு ஊர்வலமாகவே புதிய மியூசியத்துக்குக் கொண்டுபோனது. வாகனம் ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பவரின் பெயர் எழுதியிருந்தது.

அந்தப் பெயருக்குத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். கல்லறைக் கற்கள் பலவற்றில் வழிப்போக்கர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும்: உயிரோடு இருப்பவர்களே, இந்தப் பக்கம் போகும்போது என் பெயரைச் சொல்லி ஆயிரம் ரொட்டி, ஆயிரம் ஜாடி பீர் என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் என்ற அர்த்தத்தில். நிஜ ரொட்டி கொண்டுவர வேண்டியதில்லை, வாயிலிருந்து வரும் மூச்சு போதும், செலவு எதுவும் கிடையாது என்றும் சிலர் நைசாகச் சேர்த்திருக்கிறார்கள். கொல்கத்தாவின் இந்தியன் மியூசியத்திலும் ஹைதராபாத் ஸ்டேட் மியூசியத்திலும் ஆளுக்கொரு எகிப்திய மம்மி இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், செல்ஃபிக்கு முன்னால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.